கிட்டப் போய் இன்னொரு படம்

பகல் பதினொன்று நாற்பது. மகளிடமிருந்து வந்த படத்துக்கு நான் பதில் எழுதிய நேரம். நான்கு மாதமாகியும் அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். மகள் நகரத்துக்குள் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக லேசரோடு வேலை செய்கிறாள். தினமும் காலையில் அவள் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஏறியதும் நான் அனுப்பும் கேள்விகள் இரண்டு: சாப்பிட்டாயா, கண்ணாடி பையில் இருக்கிறதா. கண்ணாடி என்றால் லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி. அது லேபிலேயேதான் இருக்கும், பையில் இருக்காது என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் படம் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் மகளும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தோம். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒளி எவ்வளவு செறிவாக விழுந்தாலும் எலக்ட்ரானை மேலே ஏற்றாது என்று நான் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்தப் பாடம் தன் மேசையில் செல்லாது என்று சிரித்தாள். ஒரு நொடியைக் கோடியாக வெட்டி, அதில் ஒரு துண்டைப் பத்து லட்சமாக வெட்டினால் கிடைக்கும் நேரம்தான் அவளுடைய லேசர் துடிப்பின் நீளம். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் ஒளி நெருக்கியடித்து வருவதால், படிகத்தில் இரண்டு ஒளித்துகள்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் எலக்ட்ரானை ஏற்றிவிடும். ஒரு ஆள் தள்ளி நகராத வண்டியை இரண்டு பேர் ஒரே சமயத்தில் தள்ளுகிற மாதிரி என்றாள். உள்ளே போவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்பு. ஏறிய எலக்ட்ரான் கீழே இறங்கும்போது, மஞ்சளாக இருக்கும் அந்தக் குறைக்கடத்திப் படிகம் நீலமாக ஒளிரும்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை அது வந்தது. இருட்டில் ஒரு நீலப் பொட்டு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான் எழுதினேன்: ‘கொஞ்சம் கிட்டப் போய் இன்னொண்ணு எடு. கடைசி பெஞ்சுக்குத் தெரியாது.’

பன்னிரண்டு நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“அம்மா, பயப்படாத. நடுவுல மறைக்குது.”

“எதுக்கு நடுவுல?”

“எதைப் பார்த்தாலும் அதுக்கு நடுவுல.”

கண் மருத்துவமனைக்குப் போக ஆட்டோ பிடித்தேன். குமணன்சாவடியில் வண்டிகள் நகரவில்லை. நான் போனில் கணவரிடம் பேசியது ஓட்டுநரின் காதில் விழுந்திருக்கிறது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, “லேசர்னா கண்ணு நல்லாவறதுக்குத்தானேம்மா அடிப்பாங்கோ? என் மச்சானுக்கு அடிச்சாங்க, இப்போ ஷோக்கா கீறான்” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்த கண்களோடு மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் காரில் அழைத்து வந்த ஆய்வு வழிகாட்டி பக்கத்தில் நின்றார். லேசர் கற்றை நேராக விழுகிறதா என்று பார்க்கக் குனிந்தபோது நடந்தது என்று அவரிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் விரல்களை அழுத்தினாள். படம் எடுக்கச் சொன்னதைப் பற்றிப் பேசாதே என்கிறாள் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன் பேச நகர்ந்ததும் நடந்ததைச் சொன்னாள். என் செய்தியைப் பார்த்துவிட்டுப் போனைப் படிகத்துக்கு அருகில் கொண்டுபோயிருக்கிறாள். பாதுகாப்புக் கண்ணாடி அகச்சிவப்போடு நீலத்தையும் தடுத்துவிடும். திரையில் பொட்டு தெரியவில்லை. கழற்றிவிட்டாள். மணிக்கட்டு பட்டுப் படிகத்தின் பிடி லேசாகத் திரும்பியது. படிகத்தின் பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது, அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. அவளுடைய வலது கண்ணில் விழுந்திருக்கிறது. தலைக்குள் ஏதோ சுண்டினாற்போல் ஒரு சத்தம் கேட்டதாம். வலி இல்லையாம்.

அவளை ஸ்கேனுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். வழிகாட்டி விபத்து அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. போனை எடுத்து அந்தச் செய்தியை அவர் முன்னால் நீட்டினேன்.

“நான்தான் சார் கிட்டப் போகச் சொன்னேன்.”

படித்தார்.

“நீலத்தைப் பார்க்கணும்னா நாங்க எல்லாருமே கண்ணாடியைக் கழட்டுவோம்மா” என்றார் பிறகு. “நானும்தான். அவ அதை என்னைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டா.”

அவர் அறிக்கையில் எதையோ அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. ஸ்கேன் முடிந்து வந்த மகள் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையை, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்து எழுத்துகளை மட்டும் முணுமுணுத்தாள். போதும் என்று அவள் கையை இறக்கிவிட்டேன். மறுபடி பொத்தினாள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், அறுவை அரங்கிலிருந்து விழித்திரை மருத்துவர் வந்தார். என் வயதுப் பெண்மணி. தலையில் பச்சைத் தொப்பி இன்னும் இருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் மகளுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கண்ணால் மறுபடி படிக்க முடியுமா என்று அவள் கேட்டாள்.

“இடது கண்ணு நல்லா இருக்கும்மா. வலதுல, சரியா எழுத்து படிக்கிற இடத்துல, ஓட்டை விழுந்திருக்கு. கொஞ்ச நாள் பார்த்துட்டு ஆபரேஷன் பண்ணலாம், மூடலாம். மூடினாலும் இன்னைக்குக் காலைல பார்த்த மாதிரி பார்க்க முடியாது.”