முருகன் படத்துக் கலர் பல்பும் என் பேத்தியும்

லண்டனில் பஸ்கூட ஓடாமல் பனி கொட்டிய 2009 மாசி மாதம் அது. பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் என் பேத்தி அபி அன்று காலை வீட்டில் நின்றாள். ஐந்து வயது.

அதற்கு முன் நான் பன்னிரண்டு வருடம் ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவன். அங்கே இதைவிடப் பனி கொட்டும், பஸ்ஸும் ஓடும். அது கிடக்கட்டும். லண்டனுக்கு வரும்போது முருகன் படத்துக்குப் போடுகிற கலர் பல்ப் மாலையையும் கொண்டுவந்தேன். அதன் பிளக்குக்கு இரண்டு கம்பிதான். இங்கே சொக்கெட்டில் மூன்று ஓட்டை. கீழ் ஓட்டைகளின் உள்மூடி திறக்க மேல் ஓட்டையில் பேனையால் குத்தி, கீழே இரண்டு கம்பியையும் திணித்துவிடுவேன். அங்கிருந்து வந்த எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். தினமும் நான் மாட்டுவதை அபி பக்கத்தில் இருந்து பார்ப்பாள்.

"அப்பா, ஒரு அடாப்டர் வாங்குங்கோ. பிள்ளை பாக்கிறாள்" என்று மகள் சொன்னாள்.

"இவ்வளவு நாளும் முருகன் பாத்தவர். இனியும் பாப்பார்" என்றேன்.

அன்று காலை பிரிட்ஜில் வைத்த பூவை எடுக்கக் குசினிக்குப் போனேன். டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. வந்து பார்த்தால் அபி நிலத்தில் கிடக்கிறாள். சொக்கெட்டின் மேல் ஓட்டையில் என் பேனை. கீழ் ஓட்டையில், விளக்குத் திரி தூண்டுகிற பித்தளைக் குச்சி.

தூக்கப் போனேன். "தொடாதேங்கோ அப்பா" என்று கத்திக்கொண்டு மகள் மெயின் சுவிட்சை நிற்பாட்ட ஓடினாள். பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். தேவாரம் ஒன்றும் நினைவு வரவில்லை. "முருகா, பிழை என்ரை. பிள்ளையைத் தந்திடு" என்று மட்டும் கேட்டேன்.

மகள் வந்து தூக்கியதும் அபி கண் திறந்தாள்.

"அம்மப்பா, நான் முருகனுக்கு லைட் போட்டனான். ஏசாதேங்கோ."

நான் அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் பனிக்குள் ஊர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்தார்கள். விரலில் சின்னச் சூட்டுக் காயம், வேறொன்றுமில்லை.

பிறகு வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி கரண்ட் பெட்டியைத் திறந்து காட்டினார். "ஐயா, கரண்டை உடனே நிற்பாட்டிற இந்த ட்ரிப் சுவிட்ச் விழுந்தபடியால்தான் பிள்ளை தப்பினவள். போன மாசம்தான் வீட்டுச் சொந்தக்காரன் போட்டிருக்கிறான்."

"அப்ப முருகன் போன மாசமே வந்திட்டார்."

"ஓம் ஐயா, வந்தவர்தான். பேனையைக் குத்தினது நீங்களெல்லோ."

அன்றே அடாப்டர் வாங்கினேன். பிளக்கைத் தவிர வேறொன்றும் சொக்கெட்டுக்குள் போகக்கூடாது, ஈரக் கையால் சுவிட்ச் தொடக்கூடாது என்று அபியை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "அம்மப்பாவும் செய்யக்கூடாது" என்றாள். ஓம் என்று சத்தியம் பண்ணினேன்.

நம்பிக் கூப்பிடுங்கள், அவர் வருவார். எனக்கு வந்தார். ஆனால் அவருக்கு இப்படி வேலை வைக்காதீர்கள். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸிலிருந்து வந்த சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார்கள். இன்றைக்கே போன் எடுத்து இதைச் சொல்லிவிடுங்கள்.