கழற்ற வேண்டாத மோதிரம்

எங்கள் தியோபிலோ ஓட்டோனி ஊரில் ரத்தினக்கல் வாங்குவது சுலபம். சதுக்கத்து மரத்தடியில் நின்றால் போதும், பத்து பேர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரிப்பார்கள். கல்லைப் பற்றி உண்மை சொல்லும் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். பெயர் சுல்மிரா; ஊரில் மரியாதையாக டோனா சுல்மிரா என்பார்கள். அவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

1987-ல் எனக்கும் ஒசோரியோவுக்கும் கல்யாணப் பேச்சு முடிவாயிற்று. அவர் லாரி ஓட்டுபவர். நான், இவனில்டே, நகராட்சிப் பள்ளியில் சமையல்காரி. முன்னூறு பிள்ளைகளுக்கு அரிசி, பீன்ஸ், கீரை. அதற்குப் பிறகு இடுப்பு உயர அலுமினியப் பானைகளை மணலும் சோப்பும் இரும்பு நாரும் போட்டுத் தேய்ப்பது. வேலைக்கு வந்ததும் மோதிரம் போட்ட பெண்கள் அதைக் கழற்றி ஜன்னல் மேலிருந்த தகர டப்பாவில் போட்டுவிடுவார்கள். காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை எங்கள் கை நகராட்சியுடையது. எனக்கு இது பொறுக்கவில்லை. டீச்சர்கள் மோதிரத்தோடு சுண்ணக்கட்டி பிடிக்கலாம், நான் மட்டும் மோதிரத்தோடு கரண்டி பிடிக்கக் கூடாதா? நிச்சய மோதிரம் என்றால் வேலையிலும் என் விரலில் இருக்க வேண்டும், ஒரு நாளும் கழற்ற மாட்டேன் என்று ஒசோரியோவிடம் சொல்லிவிட்டேன். வழக்கமான வெறும் பொன் வளையம் வேண்டாம், நிறமுள்ள கல் ஒன்று இருக்கட்டும் என்றும் சொன்னேன். ஆசைப்படவும் கூலிக்காரிக்கு உரிமை உண்டு.

அவர் சதுக்கத்துக்குப் போய் மரகதம் வாங்கி வந்தார். இரண்டு மாதச் சம்பாத்தியம். அவருடைய அம்மா, மரகதம் போட்டால் புருஷன் தடம் மாற மாட்டான் என்று சொன்னாராம். கல்லைப் பதிக்கும் முன் பட்டை தீட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று இருவரும் சுல்மிரா வீட்டுக்குப் போனோம்.

சுல்மிராவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பதினாலு வயதில் சாணைச் சக்கரத்தில் உட்கார்ந்தவர். ஒரு பட்டறையில் இருபது வருஷம், கல்லுக்கு இத்தனை என்று கூலி. பெரிய கற்களை வெட்டியது இவர், கண்காட்சிக்குப் போனது முதலாளி. விரிசல் விட்ட வெளிறிய மரகதங்களுக்குப் பச்சைச் சாயம் கலந்த எண்ணெய் ஏற்றச் சொன்னபோது, "நெறமில்லாத எண்ணெய்ன்னா சொல்லி விக்கலாம். சாயம் திருட்டு" என்று எழுந்து வந்துவிட்டார். பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றித் தன் அடுப்படியிலேயே சக்கரம் ஓட்டினார். பீன்ஸ் ஒரு பக்கம் வேகும், கல் ஒரு பக்கம் தேயும்.

மரகதத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குற, மகளே?"

"பள்ளிக்கூடத்துல சமையல்."

"அப்ப இது ஒனக்கு ஆகாது."

ஒசோரியோவுக்குச் சுருக்கென்றது. "ஏன் ஆகாது? சமையல்காரின்னா மரகதம் போடக் கூடாதா, டோனா சுல்மிரா?"

"நான் அவளைச் சொல்லல தம்பி, கல்லைச் சொல்றேன். உள்ள பூரா கீத்து. எண்ணெய் நெரப்பி மறைச்சிருக்கு. சுடுதண்ணியும் சோப்பும் பட்டா எண்ணெய் வெளிய வந்துடும். அப்புறம் பானையில ஒரு இடி, ரெண்டா போயிடும்."

"உங்க கல்லை விக்கிறதுக்காக இப்படிச் சொல்றீங்க."

"கழுவிக் காட்டட்டா? எண்ணெயைத் திரும்ப ஏத்திடலாம், கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கொஞ்சம் மனசு கஷ்டமா இருக்கும்."

"கழுவுங்க!" என்றார் ஒசோரியோ, பந்தயம் கட்டுபவர் மாதிரி.

ஒரு கிண்ணத்தில் வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு. காப்பி குடித்து முடித்து, பேச்சில் ஒரு மணி நேரம் போயிற்று. எடுத்துத் துடைத்தபோது பச்சைக்குள் வெள்ளை வெள்ளையாக மயிரிழைகள் தெரிந்தன. ஒசோரியோ கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்தான் கேட்டேன்: "புருஷன் தடம் மாறாத சக்தியும் சோப்புல கரைஞ்சிருச்சா?"

சுல்மிரா சிரித்துவிட்டார். "கல்லுக்குப் புருஷனையும் தெரியாது, ராசியும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சூடு, அடி, தூசி. இந்த மூணையும் தாங்குதான்னு மட்டும் பாரு."

"தூசியா?"

"ஆமா. நம்ம செம்மண்ணுல படிகக்கல் பொடியும் அதைவிடக் கெட்டியான கல்லுப் பொடியும் கெடக்கு. அதுக்கு ஈடுகுடுக்காத கல்லை எல்லாம் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா கீறும். பானையைவிட அதுதான் பெரிய எதிரி. என் பேச்சை நம்பாத. நீயே பாத்துக்க."

நான் நகர நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தவள். சொன்னதை நம்பு என்று சொல்பவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்: பாதிரியார், கட்சிக்காரர், அதிகாரி. என்னை நம்பாதே, சோதித்துப் பார் என்று முதலில் சொன்னது எழுத்துக்கூட்டிப் படிக்கும் இந்த அம்மாள்தான்.

ஐந்து சில்லுகள் கொடுத்தார்: செவ்வந்திக்கல், டூர்மலின், வெளிர்நீல அக்வாமரின், டோபாஸ், தேன் நிறத்தில் கிரிசோபெரில். பூனைக்கண் வைடூரியம் எந்த இனமோ, இந்தக் கடைசிக் கல்லும் அதே இனம். கண் மட்டும் இருக்காது. "அஞ்சையும் ஒரே புட்டியில போடாத. பெரியவன் சின்னவனை அடிச்சிடுவான். தனித்தனியா போடு, எல்லாத்துலயும் ஒரே மண்ணு, ஒரே சோப்புத் தண்ணி. அரிசி கொதிக்கிற நேரம் குலுக்கு. ஒரு மாசம்."

குலுக்கினேன். கூட வேலை பார்த்த ஜுரேமா விடுவாளா?

"என்னடி, மாப்பிள்ளை ஓடிப்போகாம இருக்க மந்திரமா?"

"இல்ல. எது ஓடிப்போகும்னு பாக்குறேன்."

"அப்ப ஒசோரியோவையும் ஒரு புட்டியில போடு!"

ஒரு மாதம் கழித்து ஐந்தையும் சுல்மிராவின் மேசையில் கொட்டினேன். செவ்வந்திக்கல்லும் டூர்மலினும் மங்கிப்போய், ஓரமெல்லாம் மழுங்கியிருந்தன. அக்வாமரின் பரவாயில்லை, ஆனால் லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. டோபாஸ் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கத்தியால் அறுத்ததுபோல் இரண்டாகப் பிளந்திருந்தது. "கெட்டிதான், ஆனா ஒரு பக்கமா அடி விழுந்தா வாயைப் பொளந்துடும்" என்றார். கிரிசோபெரில் கொடுத்தபடியே இருந்தது. சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஒசோரியோ மரகதத்தைச் சதுக்கத்துக்கு எடுத்துப்போய், உள்ளே இருப்பதைச் சொல்லியே மாற்றுக்குக் கொடுத்தார். பதிலுக்கு வெட்டாத கிரிசோபெரில் ஒன்றும் கொஞ்சம் பொன்னும் கிடைத்தன. சுல்மிரா அதை மேலே துருத்தாதபடி தாழ்வாக வெட்டினார். பொன்வேலைக்காரரிடம் கொக்கி வைக்கவேண்டாம், கல்லைச் சுற்றி முழு விளிம்பு கட்டு என்று உட்கார்ந்து செய்வித்தார். நிச்சயத்தன்று வலது கையில் போட்ட மோதிரத்தோடு மறுநாள் காலை வேலைக்குப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வந்தது வினை. எங்கள் நாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கல் மோதிரம் போடுவார்கள். மருத்துவருக்குப் பச்சை, வக்கீலுக்குச் சிவப்பு, எஞ்சினியருக்கு நீலம், மருந்தியல் படித்தவருக்கு மஞ்சள்; அவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். தேனும் மஞ்சளும் தூரத்தில் ஒன்றுதானே! பேருந்தில் ஒரு தாய் கைக்குழந்தையை நீட்டி, "டாக்டரம்மா, வயித்தால போகுது, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்டாள். "நான் சமையல்காரிம்மா. தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடு, சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு ஓடு" என்றேன்.

இது தலைமை ஆசிரியை லெயோகாடியாவின் காதுக்குப் போயிற்று. அவர் சட்டம் படித்தவர்; சிவப்புக் கல் எப்போதும் விரலில் மின்னும். அடுப்படி வாசலில் நின்று, "இவனில்டே, அதைக் கழற்று. அது பட்டதாரிங்க போடுறது. பெத்தவங்களை ஏமாத்துற மாதிரி இருக்கு" என்றார்.

"எந்தச் சட்டத்துல இருக்கு, டோனா லெயோகாடியா? நீங்க படிச்சிருப்பீங்களே, காட்டுங்க."

"திமிரா? நீ தற்காலிக வேலைக்காரிங்கறது ஞாபகம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள கழற்றலேன்னா நகராட்சிக்கு எழுதுவேன்."

நிறத்துக்குக்கூடப் படிப்புச் சான்றிதழ் கேட்கும் ஊர் இது! நான் கொதித்தேன். கழற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வேலை போனால் கல்யாணமே தள்ளிப்போகும். ஒசோரியோ, "உன் இஷ்டம். நான் இன்னும் நாலு லோடு ஓட்டிக்கிறேன்" என்றார். அந்த வார்த்தைக்கு இன்றும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பகலில், விஷயம் கேள்விப்பட்டு, சுல்மிரா தாமாகவே பள்ளிக்கு வந்தார். மேலங்கியில் கல்தூள், கழுத்தில் லென்ஸ். நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"இந்தக் கல்லை வெட்டினது நான்தாம்மா. இது மருந்துக்காரங்க போடுற மஞ்சள் டோபாஸ் இல்ல, வேற கல்லு. நீங்களே பாருங்க. உங்களோடதையும் ஒரு தடவை பாக்கலாமா? சிவப்புன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

லெயோகாடியா பெருமையோடு கையை நீட்டினார். சுல்மிரா லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பத்திரமா வச்சிருக்கீங்க. பாத்திரம் மட்டும் தேய்க்காதீங்கம்மா" என்றார்.

"எனக்கெதுக்கு அந்த வேலை?"

"அதான் சொல்றேன். உங்க கல்லு படிப்பைக் காட்டணும், இவ கல்லு பானையைத் தாங்கணும். ரெண்டும் ஒரே ஜாதி இல்ல. யாராவது கேட்டா, சமையல்காரியோட கல்லுன்னு சொல்லிடுங்க."

லெயோகாடியா சிரித்துவிட்டார். "சரி, போட்டுக்கோ. ஆனா யாருக்கும் மருந்து சொல்லாத" என்றார்.

வெளியே வந்ததும் சுல்மிரா மேல் பாய்ந்தேன். "அவங்களுக்கு ஏன் ஐஸ் வச்சீங்க?"

"அவங்களோடது கண்ணாடி, மகளே. ஓரமெல்லாம் தேஞ்சு உருண்டு போச்சு."

நான் நின்றுவிட்டேன். "அதை அங்கேயே சொல்ல வேண்டியதுதானே!"

"எதுக்கு? வித்தவன்தானே திருடன். இன்னிக்கு அவங்க மூஞ்சி சுருங்கினா நாளைக்கு யாருக்கு வேலை போகும்? நாம வந்தது ஒன் மோதிரத்துக்கு."

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. எத்தனையோ முறை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று: மறு வருஷம் லெயோகாடியாவைத் தனியாகச் சந்தித்து உண்மையைச் சொன்னதும் அவர்தான், விற்றவனிடம் அந்த அம்மாளோடு போய் நின்றதும் அவர்தான்.

போன ஆண்டு பொன் விளிம்பு தேய்ந்துவிட்டது என்று அவரிடம் எடுத்துப்போனேன். சாணைத் தூசி நெஞ்சில் தங்கி, மூச்சு வாங்குகிறது அவருக்கு. சக்கரத்தை நிறுத்திப் பல வருஷமாயிற்று. இருபது வருஷம் தனக்காகக் கல் வெட்டியவருக்கு நல்ல முகமூடி ஒன்று வாங்கிக் கொடுக்காத முதலாளியை நான் மன்னிக்கப் போவதில்லை. நான் கழற்றுவதாக இல்லை என்பது தெரிந்து, மோதிரத்தைக் கையோடு சேர்த்தே விளக்குப் பக்கம் இழுத்து லென்ஸை வைத்தார்.

"பொன்னுதான் தேஞ்சிருக்கு. கல்லு அப்படியே இருக்கு" என்றார். "இன்னும் எத்தனை வருஷம் சமைக்கப் போற?"

"ரெண்டு வருஷம், டோனா சுல்மிரா."

"பாத்துக்க. கல்லுக்கு இன்னும் வேலை கெடக்கு" என்று சொல்லி, என் கையை விடாமலே, காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.