சிக்காத துப்பாக்கி

தூத்துக்குடியில் நான் லாரி எடைமேடையில் வேலை பார்த்தபோது, உப்பு லோடுகளோடு ஓர் உப்பளக்காரர் வருவார். வெள்ளை வேட்டி, உப்பு வெயிலில் சுருங்கிப்போன கண்கள், இடுப்பில் லைசென்ஸ் எடுத்த பிஸ்டல். நிலத்தகராறில் அவரை வெட்டிவிடுவதாகச் சிலர் மிரட்டியிருந்தார்கள். பேச்சுக்கு நடுவே வலது கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

“நேரத்துக்கு இது சுடுமா அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னலே இப்படிக் கேக்க? உப்புக்காத்துல இரும்பு தாங்காதுன்னு தினமும் தொடச்சு எண்ணெய் போடுதேன். மாசாமாசம் ரைபிள் கிளப்புல போய்ச் சுட்டுப் பாக்கேன். ஒருக்க கூட குண்டு சிக்குனதில்ல. சிக்குச்சுன்னா அன்னைக்கே மாத்திருவேன். எம் உசுரு இதுலல்லா இருக்கு.”

தேர்தல் அறிவித்தார்கள். வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவரும் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அவருக்குத் துணையாக ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும், மிரட்டியவர்களுக்குத் தெரியாதா? உப்பளப் பாதையில் பட்டப்பகலில் அவரை வெட்டினார்கள்.

தேர்தலெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து எடைமேடைக்கு வந்தார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. இடுப்பில் அதே பிஸ்டல். இடது கையை எட்டிப் போட்டு அதைத் தொட்டுப் பார்த்தார்.

“திருப்பிக் குடுத்துட்டாவளா அண்ணாச்சி?” என்றேன். வேறு என்ன கேட்பது?

“குடுத்துட்டாவ. ஒரு பொட்டுத் துரு இல்லலே. அம்புட்டுப் பத்திரமா வச்சிருந்திருக்காவ.”