கமர் லோன் சிரித்த வருஷம்

பிப்ரவரி ஐந்து வந்தால் ராவல்பிண்டியில் எங்கள் கடைத்தெருவுக்குக் காஷ்மீர் மீது பாசம் பொத்துக்கொண்டு வரும். காஷ்மீர் ஒருமைப்பாட்டு நாள் என்று அரசு விடுமுறை வேறு. பாதிப் பேர் அந்தப் பாசத்தோடு முர்ரீ மலைக்குப் பனி பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு நான் பந்தல் போட்டு, நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்குத் தருவேன். பத்து மணிக்குச் சங்கு ஊதும். ஒரு நிமிடம் அசையாமல் நிற்போம், அப்புறம் கைகோத்துச் சங்கிலி, அப்புறம் பேச்சு.

பேச்சுக்கு நடுவே காட்ட ஓர் அசல் காஷ்மீரி வேண்டுமே. எங்களிடம் இருந்தது ஒரே ஆள்தான், ரொட்டிக் கடை கமர் லோன். பத்தொன்பது வயதில் மலையேறி எல்லைக் கோட்டைத் தாண்டி வந்தவன், முப்பது வருஷமாக எங்களுக்கு எள் தூவிய குல்ச்சா சுடுகிறான். மற்ற நாட்களில் அவனுக்கு வீடு வாடகைக்குத் தர நாதியில்லை, அடுப்புக்குப் பின்னாலேயே படுக்கை. ஐந்தாம் தேதி மட்டும் அவன் எங்கள் கூடப் பிறந்தவன்.

கூப்பிட்டால் மறுக்காமல் மேடையேறுவான். வியாபாரிகள் சங்கத் தலைவர் மாலிக் தன்வீர் அதை நாட்டுப்பற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். விஷயம் வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியாவின் பிடியிலுள்ள பாராமுல்லாவில் அவன் அம்மா இருக்கிறாள். நேராகப் போனில் பேசினால் அவள் வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வருமோ என்று பயம். ஷார்ஜாவில் இருக்கும் அக்கா மகன், எங்கள் டிவியில் மாமன் முகம் வந்தால் போனில் பிடித்துவைத்து, ஈத் லீவில் ஊருக்குப் போகும்போது அவளுக்குக் காட்டுவான். வருஷத்துக்கு ஒரு தடவை தாய் பிள்ளையைப் பார்ப்பது அப்படித்தான்.

ஒரு வருஷம் நிருபர்ப் பெண் ஒருத்தி, அம்மா ஞாபகம் வருமா என்று கேட்டுத் தொலைத்தாள். மனுஷன் பழுப்புச் சால்வையில் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பிவிட்டான். மாலிக்குக்கு ஏக சந்தோஷம், நாடு முழுக்கக் காட்டினார்களாம். பாராமுல்லாவில் அதைப் பார்த்த கிழவி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள் என்று பிற்பாடு சேதி வந்தது.

அடுத்த வருஷம் கமர் சிரிப்பதென்று முடிவுகட்டினான். புதுச் சட்டை, கறுப்பு அரைக்கோட்டு, தலைக்குச் சாயம். மேடைக்குக் கீழே அவனைப் பார்த்ததும் மாலிக் பதறிப்போனார்.

"என்னப்பா இது, கல்யாணத்துக்கா வந்திருக்கே? போன வருஷம் மாதிரி ரெண்டு சொட்டு விடு, போதும்."

"எங்கம்மா பாப்பாங்க, மாலிக் சாப். நான் நல்லா இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"நீ நல்லா இருந்தா நாங்க எதுக்குய்யா இந்தக் குளிர்ல நிக்கிறோம்?"

கேமரா திரும்பியதும் கமர் இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தான். அழச் சொல்லி மாலிக் பின்னாலிருந்து கிள்ளினார், சிரிப்பு இன்னும் அகலமானது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் ரொட்டிக் கடையில் டிவி முன்னால் கூடினோம். செய்தி வந்தது, கீழே கமரின் பெயரும் வந்தது. மேலே பழுப்புச் சால்வை, தேம்பல். போன வருஷப் படத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள். இந்த நாளுக்குச் சிரிப்பு எடுபடாது என்று டிவிக்காரர்கள் சொன்னதாக மாலிக் பிறகு விளக்கம் தந்தார்.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் காட்டவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

கமர் மாட்டேன் என்று தலையாட்டினான். "காட்டலைன்னா நான் செத்துட்டேன்னு நெனைச்சுக்குவாங்க, பாய்."

ஈத் கழிந்து ஒருநாள் குல்ச்சா வாங்கப் போனேன். அக்கா மகனிடமிருந்து சேதி வந்ததா என்று கேட்டேன். அடுப்புக்குள் கையை விட்டபடியே சொன்னான்.

"அம்மா கேட்டாங்களாம். ஒரு வருஷமா அதே சால்வையில அழுதுட்டு இருக்கானே, அங்க அவனுக்குன்னு ஒருத்தர்கூடவா இல்லைன்னு."