பூஜையில் மாட்டிய நாவல்

போன வாரம் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தால் சண்டை. தப்பு என்னுடையது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆரணியில் அன்றைக்குத் தறிச் சத்தம் இருக்காது. தறியைத் துடைத்துப் பொட்டு வைப்போம். வீட்டில் உள்ள புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்போம். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் விஜயதசமிக்கு எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் அது செல்வியுடையதுதான். என் நாத்தனார். வேலூரில் எம்.ஏ. தமிழ் இலக்கியம் படிக்கிறாள். நான் எட்டாவதோடு சரி. அவள் பூ வாங்க மார்க்கெட் போயிருந்தாள். கட்டில்மேல் கிடந்த அத்தனையையும் அள்ளி அடுக்கினேன். அத்தை — என் மாமியார், செல்வியின் அம்மா — கற்பூரம் காட்டினார். முடிந்தது.

செல்வி வந்தாள். படத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அண்ணி... அந்த நாவலையுமா வச்சிட்டீங்க?"

"எல்லாத்தையும்தான் வச்சேன்."

"அய்யோ! நாளைக்குக் காலைல பேசணும் அண்ணி. இன்னும் நாப்பது பக்கம் இருக்கு!"

விஷயம் இதுதான். வேலூரில் ஓர் இலக்கிய வட்டம். விஜயதசமி காலையில் கூட்டம். அந்த நாவலைப் பற்றி செல்வி பேச வேண்டும். மேடை அவளுக்குப் புதிது. முதல் பஸ்ஸில் கிளம்பியாக வேண்டும். முடிவு தெரியாமல் போய் எப்படி நிற்பது?

கை நீட்டினாள். அத்தை மறித்தார்.

"சாமிகிட்ட வச்சத எடுப்பியா நீ?"

"சரஸ்வதியே படிப்புக்குத்தானமா சாமி? படிக்கக்கூடாதுன்னு அவங்களா சொன்னாங்க?"

"வருஷம் பூரா ஓடற தறிக்கு ஒருநாள் லீவு. புஸ்தகத்துக்கும் அதே."

"தறி தேயும். புஸ்தகம் படிச்சா தேயுமா? மூடி வச்சாத்தான் அது வெறும் பேப்பரு."

"பேப்பரா? அப்போ கால்ல பட்டா ஏண்டி கண்ல ஒத்திக்கிற?"

செல்வி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் நான் வாய் திறப்பதில்லை. பொரி கலக்கப் போய்விட்டேன்.

செல்வி உர்ரென்று தறிப் பலகையில் உட்கார்ந்து, படித்த வரைக்கும் பேசிப் பார்க்க ஆரம்பித்தாள். புத்தகத்தைத்தானே திறக்கக்கூடாது?

கதை இப்படி. ஒருத்தியின் புருஷன் அவளை விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு போய்விடுகிறான். இவள் இட்லி சுட்டு விற்று மகளை வளர்க்கிறாள். பதினோரு வருஷம் கழித்து, மகளின் நிச்சயதார்த்தத்தன்று அவன் வந்து கதவைத் தட்டுகிறான்.

காய் அரிந்துகொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"தொறந்தாளா?"

"அதுக்கப்புறம்தான் அந்த நாப்பது பக்கம். அதத்தான சொல்லிகினு இருக்கேன்."

"தொறக்கக்கூடாது."

வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பாவம்மா, தொறக்கட்டும். நிச்சயத்துக்கு அப்பன் வேணாமா?"

"உன்ன யார்டா கேட்டது? வண்டியக் கழுவு."

மதியம் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"குடிச்சிட்டா வந்து தட்டறான்?"

"தெரியாதுமா."

"பொண்ணு அவனப் பாத்துட்டாளா?"

"மா... புஸ்தகம் அங்க இருக்கு."

"பேஜாரு புடிச்ச கதையா இருக்கே!"

சாமியை நம்புகிறவர்கள் கதையையும் சட்டென்று நம்பிவிடுகிறார்கள். இது நான் கவனித்தது.

மூன்று மணி இருக்கும். அத்தை எழுந்து போய் தினசரி காலண்டர் முன்னால் நின்றார். கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"செல்வி, நவமி எத்தினி மணி வரைக்கும் போட்டுகீது?"

"நாலு பன்னெண்டு."

"அப்பால?"

"தசமி."

"தசமின்னா... விஜயதசமிதான?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

நாலேகாலுக்கு மறுபடி கற்பூரம். பூஜை முடிந்ததற்கு அடையாளமாகப் படத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினார். அடுக்கின் அடியிலிருந்து நாவலை அத்தையே உருவினார்.

"ஜல்தி படி. சத்தமா."

நாற்பது பக்கம். தறி ஓடாததால் ஒரு வார்த்தை தப்பவில்லை. பைக் கழுவியவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கதையில் அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு தட்டு சாப்பாடு கொடுத்தாள். அவ்வளவுதான்.

அத்தை முந்தானையால் முகம் துடைத்தார். "சோறு போட்டாளே... அது போதும்."

மறுநாள் செல்வி போய்ப் பேசிவிட்டு வந்தாள். நன்றாகப் போனதாம். கையில் இருந்த பேப்பரைப் பார்க்கவே இல்லையாம். அம்மாவிடம் ஒருமுறை பேசி முடித்தவளுக்கு அந்த ஹால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையாம்.

"கேள்வி கேட்டாங்களாடி?" என்றார் அத்தை.

"கேட்டாங்கமா. நடை, உத்தி, காலகட்டம்... அவ ஏன் கதவத் தொறக்கலன்னு ஒருத்தர்கூட கேக்கல."

"படிச்சவங்கடி. பதற மாட்டாங்க."