ஒரு பாஸ், ஒரு கழுதை

செகந்திராபாத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் கழுதைக் காப்பகத்தின் செயலாளர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாத மனிதர்களைப் பார்த்துச் சலித்துப்போய்க் கழுதைகளிடம் வந்துவிட்டார் என்பது எங்கள் கணிப்பு. பத்திரிகை வேலையை விட்ட பிறகு நான் அங்கே செய்திமடல் எழுதிக்கொண்டிருந்தேன். கழுதைகள் எங்களை நன்றியோடு பார்ப்பதாக மாதாமாதம் எழுதுவேன். எந்தக் கழுதையும் அப்படிப் பார்த்ததில்லை. உனக்கு வேறு வேலை இல்லையா என்பதுபோலத்தான் பார்க்கும்.

எங்களுக்குத் தீவனம் வாங்கித் தந்த, ஹைதராபாத்தின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலி மென்பொருள் நிறுவனம் ஒன்று, ஊழியர்களின் மன அழுத்தம் குறைய இரண்டு நாள் விழா நடத்தியது. ஒரு கழுதையை அனுப்பினால் ஊழியர்கள் தடவிக்கொடுத்து நிம்மதி அடைவார்கள் என்றார்கள். கழுதையின் நிம்மதி பற்றி யாரும் பேசவில்லை.

செயலாளர் வெள்ளைக் கழுதையைத் தேர்ந்தெடுத்தார். செங்கல் சூளையிலிருந்து வந்த ஜோடியில் ஒன்று அது. மற்றது சாம்பல் நிறம். இரண்டு கண்ணும் தெரியாது. வெள்ளையின் விலாவை உரசிக்கொண்டே நடக்கும். அது தின்றால்தான் இதுவும் தின்னும்.

எங்கள் மருத்துவர், செயலாளர் போகும் சர்ச்சிலேயே வளர்ந்த பெண். "ஜோடியப் பிரிக்க நக்கோ அங்கிள், வேணாம். ரெண்டையும் அனுப்புங்க" என்றார்.

"கம்பெனிக்காரன் உள்ள விட பாஸ் ஒண்ணுக்குத்தாம்மா குடுத்திருக்கான்."

மருத்துவர் வாதாடிப் பார்த்தார். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேரை வேலைக்காலம் முழுக்க ஏற்றாதவர், ஓய்வுக்குப் பிறகு ஏற்றுவாரா? வெள்ளை மட்டும் எங்கள் பராமரிப்பாளரோடு வேன் ஏறியது. வேன் இருவரையும் அங்கே இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

அன்று முழுக்கச் சாம்பல் கழுதை தீவனத்தைத் தொடவில்லை. வெள்ளை வழக்கமாக நிற்கும் சுவரோரம் போய், வெறும் காற்றில் விலாவைச் சாய்த்து நின்றது. மறுநாள் காலையும் அப்படியே. வெல்லம் காட்டினோம். செயலாளர் தன் டப்பாவைத் திறந்து இட்லி காட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டதில், வீட்டு இட்லியை அவமதித்துவிட்டதாக அவருக்கு ஒரு வருத்தம்.

"பட்டினி கெடந்தா கழுதைக்கு ஒடம்புக் கொழுப்பு ரத்தத்துல எறங்கிடும் அங்கிள்" என்றார் மருத்துவர். "அப்புறம் நான் ஊசியோட நின்னாலும் பிரயோஜனமில்ல."

"செத்துருமா?"

"ஹவ், செத்துரும்."

வேன் போய் வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர, கச்சிபௌலி நெரிசலில் அரை நாள் ஆகும். இதையே அங்கே கொண்டுபோனால் பாதி நேரம். செயலாளர் வேன் சாவியை எடுத்தார். நாங்களும் ஏறிக்கொண்டோம்.

நிறுவன வாசலில் காவலாளி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏக் பாஸ், ஏக் கதா" என்று, ஒரு பாஸுக்கு ஒரு கழுதைதான் என இந்தியில் சொல்லி ஒரே விரலைக் காட்டினார்.

செயலாளர் பழக்கதோஷத்தில் தலையாட்டினார். காவலாளி சொல்வது நியாயம்தான் என்று எங்களிடம் விளக்கவும் ஆரம்பித்தார். மருத்துவர் காது கொடுக்காமல் இறங்கிப்போய் வேனின் பின்கதவைத் திறந்தார்.

சாம்பல் கழுதை காதுகளை நிமிர்த்திக் கத்தியது. கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. சற்று நேரத்தில் வெள்ளை, கழுத்தில் ஊழியர் அடையாள அட்டையோடு, பராமரிப்பாளரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. பின்னால் மன அழுத்தம் குறைந்த கூட்டம் ஒன்று செல்போனோடு ஓடிவந்தது. வெளியே போகப் பாஸ் தேவையில்லை என்பதால் காவலாளி தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

சாம்பல் கழுதையை இறக்கினோம். அது வெள்ளையின் விலாவைத் தேடி ஒட்டி நின்றது. தலையை மட்டும் தொங்கப் போட்டிருந்தது. மருத்துவர் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுவனத் தலைவரை வரவேற்க வாசலில் சாமந்தித் தோரணம் கட்டியிருந்தார்கள். வெள்ளை எட்டி ஒரு முனையை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. சாம்பல் கழுதையின் மூக்கு அசைந்தது. வெள்ளையின் வாயோரம் தொங்கிய பூவைக் கவ்வி, அதுவும் மென்றது.

காவலாளி பதறிக்கொண்டு வந்தார். செயலாளர் தோரணத்தின் மறுமுனையை அவிழ்த்துச் சாம்பல் கழுதைக்கு வாட்டமாகப் பிடித்துக்கொண்டு, அபராதத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும்படி இந்தியில் சொன்னார்.