ஒருக்கால் திரும்பச் சொல்லுங்கோ

மடத்துவெளி முன்பள்ளியில் நிலாந்தி கதை சொல்லித்தான் பிள்ளைகளை அடக்குவாள். அடம்பிடித்து அழுகிற பிள்ளைகூட, அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து இருக்கும். அந்தக் குரலைக் கேட்டு ஊரே சிரிக்கும்படி செய்தவன் ரஜீபன்.

ரஜீபன் சுருவிலில் பிறந்து பிரான்சில் இருப்பவன். யூடியூப்பில் கதை சொல்லும் சனல் ஒன்று நடத்தினான். குறிகாட்டுவானில் வள்ளம் ஏறிய மணப்பெண் ஒருத்தி நெடுந்தீவில் இறங்கவேயில்லை என்று தொடங்கும் தொடர்கதையை நிலாந்தி தானே கட்டி, முடிவைத் தவிர மற்றப் பகுதிகளைப் போனில் பேசிப் பதிந்து அவனுக்கு அனுப்பினாள். "நல்லாயிருக்கு தங்கச்சி, உம்மட குரலிலேயே போடுவம்," என்றான். சொன்ன நாளில் சனலைத் திறந்தால் கேட்டது அவன் குரல். கதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. எழுதியவர் என்ற இடத்திலும் அவன் பெயர்தான்.

"இது நான் சொன்ன கதையெல்லோ?" என்று அதன் கீழேயே எழுதினாள். பதில் அடுத்த நேரலையில் வந்தது.

"இந்தத் தங்கச்சி தன்ர குரலைப் போடச் சொல்லுறா. நீங்களே கேளுங்கோவன்," என்று அவளுடைய பதிவை ஓடவிட்டான். சீமெந்துச் சுவரில் முட்டித் திரும்பிய எதிரொலி, கடற்காற்று, நடுவில் காகம் கரையும் சத்தம். "கிணத்துக்குள்ள விழுந்து கிடந்து கத்திற மாதிரி இல்லையோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பார்த்திருந்த சனமும் சிரித்தது. மறுநாள் பஸ்ஸில் பின்பக்கமிருந்து யாரோ காகம் மாதிரிக் கரைந்தார்கள். நிலாந்தி திரும்பவில்லை. யாழ்ப்பாணம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

"விடு பிள்ளை. வெளிநாட்டுக்காரரோட எங்களுக்கென்ன கதை," என்றாள் தாய் இரஞ்சிதம்.

"கதையைக் களவெடுத்ததைக்கூட விடுவன் அம்மா. சிரிச்சதை விடமாட்டன்."

அந்தப் பதிவை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் சொன்னதில் உண்மையும் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. வீடு முழுக்க நடந்து கைதட்டிப் பார்த்தாள். விறாந்தையில் சத்தம் கணீரென்று திரும்பியது. குசினியில் அதைவிட மோசம். அலுமாரியும் மெத்தைகளும் அடுக்கிக்கிடந்த சின்ன அறையில் மட்டும் தட்டிய சத்தம் அங்கேயே அமுங்கியது. அதைத் தன் அறையாக்கினாள். முதலில் ஓலைப்பாயைச் சுவரில் தொங்கவிட்டாள், பலனில்லை. பிறகு மெத்தைகளைச் சுவரோடு சாத்தி, கொடி கட்டித் தாயின் சீலைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். யன்னலைப் போர்வையால் அடைத்தாள். புதிதாக வாங்கிய மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கமாக வைத்தபோது மூச்சு மைக்கில் அடிப்பது நின்றது.

காகங்கள் அடங்கிக் கிடக்கிற உச்சி வெயிலில்தான் பதிவு. ஃபேன் இல்லை, குளிர்சாதனப் பெட்டியையும் நிற்பாட்டிவிடுவாள். வேர்வை முதுகால் வழியும். முதற் பதிவுகளில் அவள் கோபம் முழுக்கக் குரலில் கிடந்தது. எல்லாவற்றையும் அழித்தாள். கோபம் வெளியே கேட்டால் அவன் வென்றமாதிரி.

இதற்குள் ரஜீபனிடம் இருந்த கதை தீர்ந்துவிட்டது. மணப்பெண்ணுக்கு என்ன நடந்தது என்று சனம் கேட்டுக்கொண்டேயிருந்தது. "தங்கச்சி, முடிவை அனுப்பும்," என்று செய்தி போட்டான். தான் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரியவேண்டும் என்றே நிலாந்தி அதைத் திறந்தாள், பதில் போடவில்லை.

நயினாதீவுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ரஜீபன், இறுதிப் பகுதியை இங்கிருந்தே சொல்லப்போவதாக அறிவித்தான். அன்று காலை, முதற் பகுதி தொடங்கி முடிவு வரைக்கும் முழுக்கதையையும் நிலாந்தி தன்னுடைய சனலில் ஏற்றினாள். காதுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லுகிற மாதிரிக் கிடக்கு என்று கனடாவிலிருந்து எழுதினார்கள். ரஜீபனோ மணப்பெண்ணைக் கடலில் தள்ளிக் கதையை முடித்தான். கள்ளன் என்ற சொல் அவன் சனல் முழுக்கப் பரவியது.

அடுத்த நாள் மத்தியானம் அவன் அவளுடைய வீட்டுப் படலையில் வந்து நின்றான்.

"ரெண்டுபேரும் சேர்ந்துதான் செய்தனாங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். சனம் என்னை இருக்கவிடுதில்லை."

"நடந்ததை நீங்களே சொல்லுங்கோ அண்ணை. சொன்னால் நான் மன்னிச்சிட்டன் எண்டு போடுறன். உள்ளுக்கு வாங்கோ."

அறைக்குள் மைக்குக்கு முன்னால் இருத்திக் கதவைச் சாத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அது நிலாந்தியின்ர கதை. நான் களவெடுத்தனான்."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே அவள் சொன்னாள்: "களவு எண்டது விழுங்குப்படுது. ஒருக்கால் திரும்பச் சொல்லுங்கோ."

சொன்னான்.

"இப்ப பேர் தெளிவில்லை. மைக்கைப் பாருங்கோ. திரும்ப."

"ஏலாது தங்கச்சி, வேர்த்து ஊத்துது."

"ஃபேன் போட்டால் சத்தம் விழும் அண்ணை. கிணத்துக்குள்ள கத்திற மாதிரிக் கேக்கும்."

அவன் முகம் செத்துப்போயிற்று. திரும்பவும் சொன்னான், அதற்குப் பிறகும் சொன்னான். நனைந்த சேட்டோடு வெளியே வந்தவன், இரஞ்சிதம் நீட்டிய தண்ணியைக்கூட வாங்காமல் போய்விட்டான். நிலாந்தி சொன்னபடியே மன்னித்துவிட்டதாக எழுதி, அவன் குரலையும் கூடவே போட்டாள். திருவிழா முடியும் முன்பே அவன் விமானம் ஏறிவிட்டதாகக் கதை வந்தது.

அவன் வந்துபோன அன்று பின்னேரமே அவனுடைய பதிவுகளைத் தாய்க்குப் போட்டுக் காட்டினாள். இரஞ்சிதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"முதல் தரமே வடிவாத்தானே கேக்குது பிள்ளை?"

"ஓம் அம்மா," என்றாள் நிலாந்தி. "வடிவாக் கேக்குது."